இடக்கைக்கு மன்னிப்பு

கானாவின் குமாசி நகரில் யாரும் யாருக்கும் இடக்கையால் எதையும் கொடுப்பதில்லை. வலக்கையில் குழந்தை இருக்கிறது, குடை இருக்கிறது, மாவு ஒட்டியிருக்கிறது என்றால் இடக்கையை நீட்டலாம். ஆனால் நீட்டும்போதே, "எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும். எதிரில் இருப்பவர், "அதனால என்ன" என்று வாங்கிக்கொள்வார். அத்தோடு சரி. தக்காளி விற்பவளும் சொல்வாள், வங்கி மேலாளரும் சொல்வார்.

ஃப்ரேமாவுக்கு மட்டும் அது அத்தோடு முடிவதில்லை. அவள் பிறந்தபோது தோளைப் பிடித்து இழுத்ததில் வலக்கையின் நரம்பு அறுந்துவிட்டது. கை இருக்கிறது, மெலிந்து, தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. விரல்கள் அசையாது. எழுதுவது, சாப்பிடுவது, தலை வாருவது எல்லாமே இடக்கைதான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னால் இடக்கையைத் தூக்குவாள். "எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்பாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேறொருத்தி பதிலைச் சொல்லிவிடுவாள்.

ஹோட்டல் படிப்பு முடித்ததும் அசோக்வாப் பக்கம் ஒரு நாலு மாடி ஹோட்டலில் வரவேற்பு கவுன்ட்டரில் வேலை கிடைத்தது. முதலாளி ஜெர்மனியில் இருந்தார். நேர்காணலைப் போனிலேயே நடத்தினார். குரல் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார். மேனேஜர் அசியாமா அவளை முதன்முதலாகப் பார்த்தது அவள் வேலைக்கு வந்த அன்றுதான்.

"கைக்கு என்னம்மா ஆச்சு?"

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான் சார்."

"ஓ, பாவம்," என்றார். முதலாளி எடுத்த ஆள். கவுன்ட்டரிலேயே நிறுத்தினார்.

கவுன்ட்டர் வேலை ஃப்ரேமாவுக்குப் பிடித்திருந்தது. நீலக் கோட்டின் பாக்கெட்டில் வலக்கையை வைத்துக்கொண்டு நின்றால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. வருகிறவர்கள் களைத்து வருவார்கள், கோபமாக வருவார்கள், வழி தவறி வருவார்கள். ஒரு சாவியும் நாலு வார்த்தையும் கொடுத்து அவர்களைச் சமாதானமாக்கி மேலே அனுப்புவது அவளுக்கு நன்றாக வந்தது. கையெழுத்துக்குப் பேனா, சாவி, ரசீது என்று ஒவ்வொன்றையும் நீட்டும்போது ஒரு மன்னிப்பு. இடக்கையால் வழி காட்டுவதும் மரியாதை இல்லை என்பதால் லிஃப்ட் எந்தப் பக்கம் என்பதைத் தாடையால் காட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். பெட்டி தூக்கும் போவாடு அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"தங்கச்சி, நீ லிஃப்டைக் காட்டுறியா, இல்ல அந்தாளை முட்டப் போறியா?"

இப்படியே போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அது கெட்டது.

மறுநாள் ஊரில் ஒரு பெரிய இழவுச் சடங்கு. ஹோட்டல் முழுக்கக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம். பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். தலைவர்களோடு நேராகப் பேசுவது முறையில்லை. கோல் பிடித்த பேச்சாளர் ஒருவர் பக்கத்தில் நிற்பார், எல்லாம் அவர் வழியாகத்தான். டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அறை மாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃப்ரேமா சாவியை எடுத்துக் கோல்காரரிடம் நீட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

"ஏய் பொண்ணே! என்ன கை இது? எங்க தலைவர் கைக்குப் போற சாவி!"

"மன்னிச்சுக்கோங்க ஐயா. எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க. வலது கை வராது."

"வராதுன்னா? எங்க போயிருக்கு?"

கூட்டம் சிரித்தது. ஃப்ரேமா பாக்கெட்டிலிருந்து வலக்கையை இடக்கையால் எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது. சோஃபாவில் உட்கார்ந்திருந்த தலைவர் கோல்காரரைப் பார்த்து, "அதான் வராதுங்குதே அந்தப் புள்ள. சாவிய வாங்கு. எனக்குக் கால் வலிக்குது" என்றார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் உள்ளேயிருந்து அசியாமா ஓடி வந்தார். செருப்பைக் கழற்றினார், குனிந்தார், தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி பாரிலிருந்து ஜின் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். தனக்கு எவ்வளவு பெரிய அவமானம் நடந்துவிட்டது என்பது பாட்டிலைப் பார்த்த பிறகுதான் கோல்காரருக்கே உறைத்தது. இன்னொரு பாட்டிலும் வந்தது.

திங்கட்கிழமை அசியாமா அவளைக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்குப் பின்னாடி சலவையில இரும்மா. சம்பளம் அதேதான். கோட்டை மட்டும் கொடுத்துட்டுப் போ."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"கொஞ்ச நாளைக்குன்னு சொன்னேன்ல."

சலவைப் பகுதி ஃபோசுவா ஆன்ட்டியின் ராஜ்ஜியம். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவளுக்கு எப்போதும் கத்தித்தான் பேச வரும். ஃப்ரேமாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் ரெண்டு கை உள்ள ஆள் ஒண்ணு கேட்டேன். ஒத்தக் கைய அனுப்பியிருக்கானே அந்த மனுஷன்! ஈரப் போர்வையை எப்படிப் பிழிவே நீ?"

பிழிய முடியவில்லை. இரட்டைக் கட்டில் போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும், குறைந்தது இரண்டு கையாவது வேண்டும். ஃப்ரேமா ஒரு முனையைத் தாடையால் அழுத்திக்கொண்டு மறு முனையை இழுப்பாள். பாதியில் சரிந்து தரையில் விழும். திரும்பவும் துவைக்கப் போடுவாள்.

"தாடையை வெச்சு அமுக்காதடி! பவுடர் ஒட்டுது. போன வாரம் ஒருத்தன், போர்வையில பொம்பள வாசனை வருதுன்னு பொண்டாட்டிக்கிட்ட மாட்டிக்கிட்டான்," என்று கத்தினாள் ஆன்ட்டி. பிறகு அருகில் வந்து மறு முனையைப் பிடித்தாள். "உன்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? உன் வேலையும் என் வேலையும் சேத்து நான் பாக்கணும்னு எழுதியிருக்கு."

அதுதான் ஃப்ரேமாவுக்கு வலித்தது. கவுன்ட்டரில் அவள் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. இங்கே காலையிலிருந்து மாலை வரை பாரம். மாம்போங்கில் இருக்கும் அம்மா போனில் பேசும்போதெல்லாம், "கவுன்ட்டர்ல கூட்டமா?" என்று கேட்பாள். ஃப்ரேமா, "ஆமாம்மா, கூட்டம்" என்பாள்.

கொஞ்ச நாள் என்பது மழைக்காலம் முழுவதும் நீண்டது. இரண்டு தடவை அசியாமாவிடம் போய்க் கேட்டாள். முதல் தடவை, "பாக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை, "கவுன்ட்டர்ல வேற ஆளைப் போட்டாச்சும்மா, அந்தப் பொண்ணை நான் எங்க அனுப்புறது?" என்று அவளையே கேட்டார், ஏதோ அவள்தான் வழி சொல்ல வேண்டும் என்பதுபோல.

ஒரு விடுமுறை நாளில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் பெயர் இன்கூம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"சம்பளத்தைக் குறைச்சாரா?"

"இல்ல சார்."

"வேலையை விட்டு எடுத்தாரா?"

"இல்ல."

"அடிச்சாரா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கும்மா வந்தே?"

ஃப்ரேமா தன் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து இடக்கையால் நீட்டினாள். "எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க."

இன்கூம் கையை நீட்டவில்லை. "மேசை மேல வை" என்றார்.

வைத்தாள். அவர் மேசையிலிருந்து எடுத்துப் படித்தார். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆள் நல்ல இரண்டு கை உள்ளவன். அவனிடமும் நிமிராமலே, "மேசை மேல வை" என்றார். அவனும் வைத்தான். எந்தக் கையால் வைத்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

ஃப்ரேமா அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானே! கவுன்ட்டரில் ஒரு தட்டு. எல்லாரும் அதில் வைப்பது, எல்லாரும் அதிலிருந்து எடுப்பது. கையிலிருந்து கைக்கு எதுவும் போகாவிட்டால் இடமென்ன வலமென்ன? இத்தனை வருஷம் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று எரிச்சலாக இருந்தது. அசியாமாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று அதைவிட எரிச்சலாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். இன்கூம் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"சட்டத்துல இருக்கும்மா. உடம்புல குறை இருக்கிறவங்களை வேலைக்கு வெச்சா, அந்த வேலையைச் செய்யத் தேவையான சாமானும் வசதியும் முதலாளி கொடுக்கணும். அவங்களுக்கு ஒத்துவராத எடத்துக்கு மாத்தக் கூடாது. ஒத்தக் கை உள்ள பொண்ணைத் துணி பிழிய அனுப்பினா அது தப்புதான்."

"அப்போ எழுதி அனுப்புங்க சார்."

"எழுதினா அது போய்ச் சேர்றதுக்குள்ள நீ கெழவி ஆயிடுவே. போன் பண்றேன்."

அவர் பேசியதில் ஒரு பக்கம்தான் அவளுக்குக் கேட்டது. "ஆமா சார்... இல்ல சார், கேஸெல்லாம் இல்ல... அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசையா ஏதாவது கொடுங்க... அதான் சார், வலது கைக்குப் பதிலா ஏதாவது... ஆமா, ஆமா. ரொம்ப நன்றி சார்." போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுது. நல்ல மனுஷன். உடனே ஒத்துக்கிட்டார்" என்றார்.

மறுநாள் காலை அசியாமா சிரித்த முகத்தோடு அவளைக் கவுன்ட்டருக்குக் கூட்டிப்போனார். நீலக் கோட்டைத் திரும்பக் கொடுத்தார். பிறகு பெட்டி வண்டியோடு நின்ற போவாடுவைத் தோளில் தட்டி, அவள் வலப்பக்கம் நிறுத்தினார்.

"சட்டம் கேட்டுச்சு, கொடுத்துட்டேன். இனிமே இவன்தான் உன் வலது கை. நீ சாவியை எடுத்து இவன்கிட்ட கொடு. இவன் விருந்தாளிக்குக் கொடுப்பான்."

ஃப்ரேமா போவாடுவைப் பார்த்தாள். போவாடு ஃப்ரேமாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் இந்த ஹோட்டலுக்குப் பெட்டி தூக்க வந்தேனா, உனக்குக் கையா இருக்க வந்தேனா?"

"என்கிட்ட ஏன் அண்ணா கேக்குறீங்க? நானா கேட்டேன்?"

"கைன்னா பேசக் கூடாதோ?"

அன்று முழுவதும் கேலிக்கூத்துதான். போவாடு பெட்டியோடு மேலே போய்விட்டால் சாவி கீழே காத்திருந்தது. வந்தவர்கள் ஃப்ரேமா கேட்ட கேள்விக்குப் போவாடுவைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். ஒரு பெண்மணி போவாடுவிடமே, "இந்தப் பொண்ணுக்குப் பேச வராதா?" என்று இரக்கமாகக் கேட்டாள். "பேச்செல்லாம் நல்லா வரும்மா. கைதான் வராது, அந்தக் கை நான்," என்றார் அவர். மாலைக்குள் கீழே பெட்டிகள் குவிந்துவிட்டன. மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து தன் பெட்டி எங்கே என்று கேட்டார்.

அசியாமா கையை விரித்தார். "பாத்தியா? நான் முயற்சி பண்ணேன். சரிப்படல."

"சார், ஆள் வேண்டாம். கவுன்ட்டர்ல ஒரு தட்டு வெச்சாப் போதும். நான் மட்டும் இல்ல, எல்லாருமே சாவியை அதுல வைக்கட்டும்."

"தட்டா?" அவர் முகம் சுருங்கியது. "இது என்ன சர்ச்சா, காணிக்கை எடுக்க? தலைவருங்க வர்ற எடத்துல சாவியைத் தட்டுல எறியறதா? மத்த பொண்ணுங்களுக்கு நல்ல கை இருக்கே, அவங்க ஏன் உனக்காகத் தட்டுல வைக்கணும்?"

"வெச்சா அவங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

பதில் வராதபோது அவர் செய்வதைத்தான் செய்தார். சலவைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஃபோசுவா ஆன்ட்டி அவளைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வந்துட்டியா? சரி, அந்த முனையைப் பிடி."

வறண்ட காற்று வீசத் தொடங்கிய சமயத்தில் தலைநகரிலிருந்து ஒரு சங்கம் ஹோட்டலின் பெரிய ஹாலை ஒரு நாளுக்கு எடுத்தது. வாசலில் துணி பேனர் கட்டினார்கள். முதலாளிகளுக்கான பயிற்சி: ஊனமுற்றோர் வேலை உரிமைச் சட்டம். கம்பெனிக்காரர்களும் பள்ளிக்கூடம் நடத்துபவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் வரப்போகிறார்கள். நடத்துபவர் வக்கீல் லாம்ப்டி அம்மா. வந்து இறங்கியதும் அவர் அசியாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஹோட்டல்ல அப்படி யாராவது வேலை செய்யறாங்களா?"

"இருக்காங்களே! எங்க கவுன்ட்டர்லயே ஒரு பொண்ணு," என்றார் அசியாமா.

கால்மணி நேரத்தில் போவாடு சலவைக்கு ஓடி வந்தார், கையில் நீலக் கோட்டோடு. "சீக்கிரம் மாட்டிக்க. நீ இப்போ கவுன்ட்டர்ல இருக்கியாம்."

"யார் சொன்னது?"

"மேனேஜர் வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டார். பொய்யாயிடக் கூடாதுன்னு ஓடி வர்றேன்."

ஆன்ட்டி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள்.

ஹால் வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் பெயர் அட்டைகளைக் கொடுக்கும் வேலையை ஃப்ரேமாவிடம் விட்டார் அசியாமா. காதோரம் குனிந்து, "ஒவ்வொருத்தருக்கும் மறக்காம மன்னிப்புக் கேளு. படிச்சவங்க," என்றார். அவர் நகர்ந்ததும் ஃப்ரேமா சமையலறைக்குப் போய் ஒரு தேநீர்த் தட்டை எடுத்து வந்து, அட்டைகளையெல்லாம் அதில் அடுக்கினாள். வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துக் குத்திக்கொண்டார்கள், உள்ளே போனார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அரை நாள் வேலை இவ்வளவு லேசாக அவளுக்கு என்றைக்கும் போனதில்லை.

உள்ளே லாம்ப்டி அம்மா நன்றாகத்தான் பேசினார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. "வாடிக்கையாளருக்குப் பிடிக்காதுன்னு சொல்லி ஒருத்தரை ஒதுக்க முடியாது. அது சாக்கு. அவங்களுக்கு என்ன வேணும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அவங்களையே கேளுங்க. பாதிப் பிரச்சினைக்குச் செலவே ஆகாது." எல்லாரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அசியாமாவும் குறித்துக்கொண்டார்.

பிறகு லாம்ப்டி அம்மா, இந்த ஹோட்டலே ஒரு நல்ல உதாரணம் என்று சொல்லி அசியாமாவைப் பேசச் சொன்னார். அவர் எழுந்தார். உதவிக்கு ஆள் கொடுத்ததைச் சொன்னார். "ரொம்ப மரியாதையான பொண்ணு. ஒவ்வொரு தடவையும் எடக்கைக்கு மன்னிப்புக் கேட்டுடும். அதனால ஒரு புகாரும் வந்ததில்ல," என்று முடித்தார். கைதட்டினார்கள்.

லாம்ப்டி அம்மா வாசல் பக்கம் திரும்பினார். "ஃப்ரேமா, உள்ள வாங்க. நீங்களே சொல்லுங்க. கவுன்ட்டர்ல வேலை எப்படி இருக்கு?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அசியாமா சிரித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. நல்லா இருக்கு மேடம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மத்தியானச் சாப்பாடு, பிறகு சலவை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது.

"தெரியல மேடம். நான் சலவையில இருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் இங்க கூட்டிட்டு வந்தாங்க."

யாரோ ஒருவர் இருமினார். பின்வரிசையில் ஒரு மருந்துக்கடைக்காரர், "அடடே," என்றார். அசியாமா எழுந்து, "அது தற்காலிகம், தற்காலிகம்" என்றார். லாம்ப்டி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதைப் பத்தி... சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாம்" என்றார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பேசவில்லை. கிளம்பும்போது ஃப்ரேமாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் அட்டையைக் கொடுத்தார். "வழக்குப் போடலாம். ஜெயிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. ஆனா வருஷக் கணக்குல இழுக்கும். யோசிச்சுக்கோங்க." காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். துணி பேனர் மட்டும் அவிழ்க்க ஆளில்லாமல் இன்னும் சில நாள் வாசலில் தொங்கியது.

ஆனால் அசியாமா பயந்துவிட்டார். அந்த மருந்துக்கடைக்காரர் முதலாளிக்கு வேண்டியவராம். ஜெர்மனியிலிருந்து போன் வந்ததாம். அந்த வாரக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சரிம்மா. நீ ஜெயிச்சுட்டே. கவுன்ட்டருக்கு வா. தட்டும் வெச்சுக்கோ. எல்லாரும் அதுலயே வைக்கச் சொல்றேன்."

ஃப்ரேமாவுக்கு நம்ப முடியவில்லை. "நன்றி சார்."

"ஒண்ணே ஒண்ணு. தட்டுல வைக்கும்போதும் மன்னிப்பை மட்டும் விட்டுடாதே. கை எடக்கைதானே, எதுல வெச்சா என்ன? ஊர் வழக்கத்தை நான் மாத்த முடியாது."

"மத்தவங்களும் சொல்லணுமா சார்?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்?"

சலவைக்குத் திரும்பிச் சொன்னாள். ஃபோசுவா ஆன்ட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்லித் தொலையேன்! வாயில வர்ற காத்துதானே? எனக்கும் ரெண்டு கை உள்ள ஆள் ஒண்ணு கெடைக்கும்." போவாடுவும் அதையே சொன்னார். "வர்றவன் போறவனுக்கெல்லாம் நான் 'வாங்க வாங்க'ன்னு சொல்றேன். எனக்கு என்ன அவனுங்க வந்ததுல சந்தோஷமா? வேலை, தங்கச்சி. சொல்லிட்டுச் சம்பளத்தை வாங்கு."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஒத்துக்கொண்டாள்.

கவுன்ட்டரில் ஒரு மரத்தட்டு வந்தது. சாவியை வைத்தாள்: "எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க." ரசீதை வைத்தாள்: "எடக்கைக்கு மன்னிச்சுக்கோங்க." தட்டில் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவள் சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தார்கள். எந்தக் கை என்று பார்த்தார்கள், பிறகு பாக்கெட்டில் இருக்கும் கையைப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றார்கள். பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணும் அதே தட்டில்தான் வைத்தாள். அவளுக்கு வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. உள் அறையின் கதவை அசியாமா லேசாகத் திறந்து வைத்திருந்தார். கேட்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

சனிக்கிழமை முற்பகல் ஒருத்தி வந்தாள். இழவு வீட்டுக் கறுப்புத் துணி, வலத் தோளில் உறங்கும் குழந்தை. தன் அடையாள அட்டையை இடக்கையால் எடுத்து நீட்டினாள். "எடக்கைக்கு மன்னிச்சுக்கம்மா," என்றாள்.

"அதனால என்ன," என்றாள் ஃப்ரேமா, பழக்கத்தில்.

அறை எண்ணைச் சொல்லிச் சாவியைத் தட்டில் வைத்தாள். வந்தவள் சாவியை எடுப்பதற்கு முன்னால் குழந்தையை இடத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வலக்கை விடுபட்டது. வலக்கையால் சாவியை எடுத்தாள். அவ்வளவுதான், அவளுக்கு இனிமேல் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே லிஃப்டை நோக்கிப் போனாள்.

சாவியை வைத்தபோது சொல்ல வேண்டியதை ஃப்ரேமா சொல்லியிருக்கவில்லை. உள் அறையின் கதவு திறந்தது.

"சொல்லலியே?" என்றார் அசியாமா.

"இல்ல சார்."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும்.

"மறக்கல. அந்த அம்மா கையில குழந்தை இருந்துச்சு, மன்னிப்புக் கேட்டாங்க. குழந்தையை மாத்தினதும் முடிஞ்சுது. எனக்கு அப்படி மாத்த ஒண்ணும் இல்ல சார். என் வலது கை வேற வேலையா இல்ல. அது வரவே போறதில்ல. இனிமே நான் சொல்லல."

"ஒரு வார்த்தைக்காகவா கவுன்ட்டரை விடப் போறே?"

"கவுன்ட்டரை நான் விடல."

"அப்போ சொல்லு."

"மாட்டேன் சார்."

புதுப் பெண் சாவி மாட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அசியாமா பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமையிலிருந்து சலவை என்றார்.

திங்கட்கிழமை காலை அவள் சலவைக்குப் போகவில்லை. இன்கூமின் வரிசையில் நின்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மறுபடியும் நீயா? அதான் கவுன்ட்டர் கெடைச்சுது, தட்டு கெடைச்சுதுன்னு கேள்விப்பட்டேனே. இப்போ என்ன?"

சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நானும்தான் அந்த வார்த்தையைச் சொல்றேன். என் பொண்டாட்டி சொல்றா. நாடே சொல்லுது."

"நீங்க எப்பவாவது சொல்றீங்க சார். நான் வேலை நேரம் பூரா சொல்லணும். என் பக்கத்துல நிக்கிறவ அதே தட்டுல வைக்கிறா, அவ சொல்ல வேண்டாம். சொன்னாத்தான் வேலைன்னு எனக்கு மட்டும் வெச்சிருக்காங்க."

இன்கூம் சட்டப் புத்தகத்தை இழுத்துப் பக்கங்களைத் தள்ளினார். சாமான் இருந்தது, வசதி இருந்தது, ஒத்துவராத இடம் இருந்தது. வார்த்தையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"என்ன வசதி வேணும்னு எழுதணும். நாற்காலி, சாய்வுப் பாதை, இந்த மாதிரி. உனக்கு என்னன்னு எழுதறது?"

"மன்னிப்புக் கேக்காம வேலை செய்யணும்னு எழுதுங்க."

"இது வசதியா?"

"எனக்கு இதுதான் சார் வசதி."

அவர் பேனாவைத் தட்டினார். பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். மேலதிகாரிக்குப் போன் போட்டார், கூட்டத்தில் இருக்கிறாராம். "அடுத்த செவ்வாய்க்கெழமை வர்றியா? கேட்டு வைக்கிறேன்."

"இப்போ எழுதுங்க சார். செவ்வாய்க்கெழமை மேனேஜரைக் கூப்பிடுங்க. நானும் வர்றேன்."

"இந்தத் தடவை போன் வேண்டாங்கறே?"

"போன் பண்ணினா ஆள்தான் வருது."

இன்கூமுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். பாதியில் நிறுத்தி, "ஜெயிக்கும்னு நான் சொல்லல" என்றார்.

"தெரியும் சார்."

"அதுவரைக்கும் எங்க வேலை செய்வே?"

"கவுன்ட்டர்ல நிப்பேன்."

"அவர் பின்னாடி அனுப்பினா?"

"அனுப்பினா அதையும் வந்து சொல்றேன். அதையும் எழுதுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தாளை அவள் பக்கம் தள்ளினார். ஃப்ரேமா கையெழுத்துப் போட்டு, தாளை எடுத்து அவருக்கு நேராக நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து காலை மாற்றினார். கடைசியில் இன்கூம் தாளை வாங்கிக்கொண்டு, "அடுத்தவங்க" என்றார்.